உங்கம்மா சந்தோஷமாகத்தான் இருக்கிறாள்

அன்பு வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உங்கம்மாவும் நலம். எல்லாரும் பழக்கத்துக்கு எழுதுகிற நலம் இல்லை இது, ஓட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, எங்கேயாவது கிறீச்சென்று சத்தம் வருகிறதா என்று காது வைத்துக் கேட்டுவிட்டு எழுதுகிற நலம். நீயும் அங்கே அப்படியே இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன், ஏனென்றால் விசாரிக்கலாம் என்று இரண்டு தடவை போன் போட்டேன், இரண்டு தடவையும் கட் பண்ணிவிட்டாய். கடிதத்தை கட் பண்ண முடியாதே என்று உட்கார்ந்துவிட்டேன். கிழிக்கலாம். கிழிப்பதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி, நடுவில் விட்டால் இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற லிஃப்ட் மாதிரி ஆகிவிடும், உள்ளே இருக்கிற எனக்கும் அவஸ்தை, வெளியே நிற்கிற உனக்கும் அவஸ்தை. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமே கிடையாது, பழுது என்ன, பார்த்த வேலை என்ன என்று இரண்டு வரி கிறுக்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிற ஆள் நான். ஆனால் இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. காலையிலிருந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன், என்னோடு வேலை பார்க்கிற தாடி வந்து என் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னடா கரண்ட் கிரண்ட் அடிச்சுதா என்று கேட்டான்.

நீ அனுப்பிய செய்தியை நேற்றுத்தான் நிதானமாகப் படித்தேன். பாஸானதைச் சொல்லக் கூப்பிட்டேன், அம்மா சரின்னாங்க, நான் சந்தோஷத்துல அழுதேன், அதுக்கு சளி பிடிச்சிருக்கான்னு கேட்டுட்டு வச்சுட்டாங்க, அம்மாவுக்கு என் மேல இருந்ததெல்லாம் தீர்ந்து போச்சுப்பா, இந்த விடுமுறைக்கு நான் வரல, இங்கேயே கப்பல் பட்டறையில வேலைக்குப் பேர் கொடுக்கப் போறேன், என்று எழுதியிருக்கிறாய். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ கேட்டது அத்தனையும் உண்மை, நீ முடிவு கட்டியது அத்தனையும் தப்பு. அளவைச் சரியாக எடுத்துவிட்டுக் கணக்கைக் கோட்டை விட்டிருக்கிறாய். இரண்டு தடவை தடுக்கி விழுந்து மூன்றாவது தடவையில் அந்த வெப்ப இயக்கவியல் பேப்பரைத் தாண்டின பெண்ணா இப்படிக் கணக்குப் போடுகிறாள் என்று நன்றாகத் திட்டலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு யோசித்தேன், பாவம், உனக்கு யாரும் விஷயத்தையே சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம், போன மாதம் வரை அது எங்களுக்கே தெரியாது. பிறகு நேரில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னாள், நானும் தலையாட்டினேன். இப்போது நீ வரவே மாட்டேன் என்கிறாய், அதனால் இதிலேயே சொல்லித் தொலைக்கிறேன்.

போன வருஷம் அம்மாவுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டபோது நீ ஓடி வந்தாய் இல்லையா, அப்போது நாம் எல்லாரும் இடது கை தூக்குகிறதா, இடது கால் ஊன்றுகிறதா என்று கையையும் காலையும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கால் ஊன்றியது, கை டம்ளரைப் பிடித்தது, பேச்சு ஒரு எழுத்துக்கூடக் குழறவில்லை, தப்பித்தோம்டா சாமி என்று மூச்சு விட்டோம், நீயும் கிளம்பிப் போனாய். அடி விழுந்தது மூளையின் வலது பக்கத்தில். வார்த்தைகளைப் பொறுக்கி அடுக்கிக் கொடுக்கிற வேலை பெரும்பாலும் இடது பக்கத்தில் நடக்கிறதாம். அந்த வார்த்தைக்கு ஏற்ற இறக்கம், கொஞ்சல், முறைப்பு, குழைவு எல்லாம் பூசி அனுப்புகிற வேலை பெரும்பாலும் வலது பக்கத்திலாம். நான் புரிந்துகொண்ட மாதிரி சொல்கிறேன், டாக்டர் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார். ஒரு வீட்டுக்கு இரண்டு கம்பி வருகிறது என்று வை, ஒன்று சொல்லுக்கு, ஒன்று ராகத்துக்கு. அம்மாவுக்குச் சொல் கம்பி பளிச்சென்று இருக்கிறது, ராகக் கம்பி அறுந்துவிட்டது. போகிற வழியிலும் அறுந்துவிட்டது, வருகிற வழியிலும் அறுந்துவிட்டது. தன் சந்தோஷத்தைக் குரலிலும் முகத்திலும் காட்டவும் அவளால் முடியவில்லை, நம் குரலிலும் முகத்திலும் இருப்பதைப் படிக்கவும் முடியவில்லை. ஆனால் மோட்டார் ஓடுகிறது, இதைத்தான் நீ நன்றாக மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். எத்தனை கட்டடத்தில் பார்த்திருக்கிறேன், வாசலுக்கு மேலே மாடி எண் காட்டுகிற விளக்கு செத்துப்போயிருக்கும், லிஃப்ட் பாட்டுக்கு ஜம்மென்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கீழே நிற்கிறவர்களுக்கு அது தெரியாது, பட்டனைக் குத்துவார்கள், கதவை உதைப்பார்கள், லிஃப்ட் போட்டவனைத் திட்டிவிட்டுப் படியேறிப் போவார்கள், அவர்கள் முதல் வளைவு திரும்பும்போது லிஃப்ட் வந்து கதவைத் திறந்துகொண்டு காலியாக நிற்கும். வாலு, நீ இப்போது அந்தப் படியில்தான் விறுவிறுவென்று போய்க்கொண்டிருக்கிறாய்.

இதை முதலில் கண்டுபிடித்தது யார் தெரியுமா, உன் அத்தை. நான் இல்லை. எனக்கு நேராகப் பேசுகிறவர்களைப் பிடிக்கும், நீட்டி முழக்குகிறவர்களைப் பிடிக்காது, அதனால் மாதக்கணக்கில் எனக்கு வித்தியாசமே உறைக்கவில்லை, வீடு அமைதியாக இருக்கிறதே, நல்லதுதானே என்று சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். என் அக்காதான் ஒரு நாள் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், டேய், நான் எவ்வளவு குத்தினாலும் உன் பொண்டாட்டிக்கு வலிக்கவே மாட்டேங்குதுடா, எனக்கு பயமா இருக்கு, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ, என்று கண் கலங்கினாள். நடந்தது என்ன என்றால், அவள் வந்த அன்று சமையலறையில் பாத்திரம் மலையாகக் கிடந்திருக்கிறது, உன் அத்தை வாய் சும்மா இருக்குமா, அடடா, வீடு கண்ணாடி மாதிரி மின்னுது, கால் வைக்கவே கூசுது, என்றிருக்கிறாள். உங்கம்மா அவள் முகத்தைப் பார்த்து, ரொம்ப நன்றி, கூச்சப்படாம உள்ளே வாங்க, என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டிருக்கிறாள். இருபது வருஷமாக ஒருவருக்கொருவர் சளைக்காமல் மல்லுக்கட்டியவர்கள். திருப்பி அடிக்க ஆள் இல்லாமல் அத்தைக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. உன் அத்தையின் நக்கலில் ஒரு உயிர் பிழைத்தது என்று ஊரில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மாவிடம் போனோம். அவர் ஒரு சின்னப் பெட்டியில் பதிவு செய்து வைத்த குரலைப் போட்டார், ஒரு பெண் இன்னிக்கு புதன்கிழமை, இன்னிக்கு புதன்கிழமை என்று கோபமாக ஒரு தடவை, அழுதுகொண்டு ஒரு தடவை, குதித்துக்கொண்டு ஒரு தடவை சொல்கிறாள். இந்தப் பொண்ணு என்ன மனநிலையில இருக்கா என்று கேட்டார். அம்மா யோசித்துவிட்டு, குழப்பத்துல இருக்கா, இன்னிக்கு வியாழக்கிழமை, என்றாள். நான் சிரித்துவிட்டேன், டாக்டரம்மா என்னை முறைத்தார், அம்மா முறைப்பையும் பார்க்கவில்லை சிரிப்பையும் பார்க்கவில்லை. அடுத்து, நீங்க இதையே கோபமா சொல்லிக் காட்டுங்க என்றார். அம்மா சொன்னாள். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற மாதிரி இருந்தது. கோபமா சொல்லுங்கம்மா என்றார் மறுபடியும். கோபமாத்தான் சொன்னேன், இப்ப இன்னும் கோபமா இருக்கேன், என்றாள் அதே குரலில். அன்றைக்குத்தான் எனக்கு லேசாகப் புரிந்தது. என் குணம் உனக்குத் தெரியுமே, எத்தனை வாரத்துல சரியாகும், எந்தப் பகுதியை மாத்தணும், நேரா சொல்லுங்க, என்று கேட்டேன். டாக்டரம்மா, உங்க தொழில்ல மாதிரி ஸ்பேர் கிடையாது சார், பயிற்சியில கொஞ்சம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம், அதுவரைக்கும் வேற வழியா கம்பி இழுத்துக்கணும், என்றார். என் பாஷையிலேயே பேசிவிட்டார் பார், அந்த இடத்திலேயே அவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

வேறு வழி என்பது இதுதான், உணர்ச்சியைக் குரலில் காட்ட முடியாவிட்டால் வாயால் பெயர் சொல்லிவிட வேண்டும். அம்மா மட்டும் இல்லை, வீட்டில் எல்லாரும். இப்போது நம் வீட்டுக்கு வந்து பார்த்தால் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவாய். காலையில் எழுந்ததும் அம்மா, எனக்கு இப்ப எரிச்சல், ஈரத்துண்டு கட்டில் மேல கிடக்கு, என்கிறாள். நான், எனக்கு வெட்கம், எடுத்துடறேன், என்கிறேன். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருக்கிறது, உலகம் முழுக்க இப்படிப் பேசினால் பாதிச் சண்டை குறையும், மீதிச் சண்டை சீக்கிரம் முடியும். கஷ்டப்படுவது உன் அத்தை ஒருத்திதான். அவள் எதைச் சொன்னாலும் முதலில் கேலி என்று அறிவித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம். கேலி, உன் சாம்ராஜ்யத்துல ஒரு காபி கிடைக்குமா, என்று கேட்டுவிட்டு, சே, உப்பில்லாத சாப்பாடு மாதிரி இருக்குடா, என்று என்னைப் பார்த்து அழுகிறாள். நேற்று அம்மா திருப்பிக் கொடுத்தாள், கேலி, நீங்க வந்தாலே வீட்டுல அமைதி, என்று. அத்தை எழுந்து நின்று கை தட்டினாள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், கப்பலே வாங்கிக் கொடுத்திருந்தாலும் அவளுக்கு அவ்வளவு ஆனந்தம் வந்திருக்காது.

இப்போது நீ பாஸான நாளுக்கு வருகிறேன். கவனமாகப் படி, மேலே சொன்னதெல்லாம் இதற்காகத்தான். நம் கட்டடத்து லிஃப்டை அப்போது நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன், கயிறு மாற்ற வேண்டும், புதுக் கயிறு வந்து சேரவில்லை, லிஃப்ட்காரன் குடியிருக்கிற கட்டடத்துலேயே லிஃப்ட் ஓடலை என்று எல்லாரும் ஒரு வாரமாக என்னை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். அன்று நான் ஒரு துணிக்கடையில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தாடியின் போனுக்கு அழைப்பு வருகிறது, நம் கீழ்த்தளத்துத் தையல்காரர், குரல் உடைந்து போய், அவரை உடனே வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, எதுவும் சொல்லாதீங்க, பொண்ணு விஷயம், என்கிறார். தாடிக்கு எதையும் மறைக்கத் தெரியாது, அவன் முகத்தைப் பார்த்தே நான் குழியிலிருந்து ஏறிவிட்டேன். இடுப்பில் பாதுகாப்பு பெல்ட்டோடு, கொக்கி தொடையில் அடிக்க அடிக்க, அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். அந்த வழி முழுக்க நான் என்ன நினைத்தேன் என்பதை எழுத மாட்டேன். நீ உயிரோடு இந்த வரியைப் படிக்கிறாய், அது போதும்.

வாசலில் தையல்காரர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தைரியமா இருங்க, என்கிறார், கழுத்தில் அளவு டேப் தொங்குகிறது, ஒரு கையில் பாதி கடித்த பிஸ்கட். படி முழுக்க ஆட்கள். எல்லார் கண்ணும் சிவந்திருக்கிறது, எல்லார் கையிலும் பிஸ்கட். நடுவில் நாற்காலியில் உங்கம்மா, மடியில் டின், முகம் கல் மாதிரி. மேல்மாடி கணக்கு டீச்சர் அவள் தோளில் சாய்ந்துகொண்டு ஓவென்று அழுகிறார். நான் அம்மா முன்னால் போய் மண்டி போட்டுவிட்டேன். அவள் என்னைப் பார்த்து, வாலு பாஸாயிட்டா, மூணாவது தடவையில, எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு, என்றாள். பின்னாலிருந்து டீச்சர், ஐயோ, அப்பத்துலேருந்து இதையேதான் சொல்றா, அதிர்ச்சியில புத்தி பேதலிச்சுப் போச்சே, யாராவது தண்ணி கொண்டாங்களேன், என்று அலறுகிறார். அம்மா என் காதருகில் குனிந்து, இவங்களுக்கெல்லாம் என்னைவிட சந்தோஷம், அழறாங்க பாருங்க, நம்ம பொண்ணு மேல இவ்வளவு பாசம்னு எனக்குத் தெரியாமப் போச்சு, பிஸ்கட்தான் பத்தல, என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஓடியது. ஓடியதும் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன், சத்தியமாக, பெல்ட் கொக்கி தரையில் டங் டங்கென்று அடிக்கிற அளவுக்குச் சிரித்தேன். தையல்காரர், போச்சு, இவருக்கும் போச்சு, என்றார்.

அப்புறம்தான் ஒவ்வொருவராகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உன் போனை வைத்த உடனே அம்மா தோள்பையில் பிஸ்கட் டின்னைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். லிஃப்ட் இல்லை. இழுக்கிற இடது காலோடு ஐந்து மாடி ஏறியிருக்கிறாள், நல்ல சேதியை மேலேயிருந்துதான் ஆரம்பிக்கணும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். ஏறும்போது கைப்பிடி வலது பக்கம், சமாளித்துவிட்டாள். டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டி, மூச்சு வாங்க, இந்த முகத்தையும் இந்தக் குரலையும் வைத்துக்கொண்டு, டீச்சர், என் பொண்ணைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும், என்றிருக்கிறாள். டீச்சர் அந்த முகத்தைப் பார்த்ததுமே, ஐயோ என் தங்கமே, என்று கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். மீதி விஷயம் அந்த அழுகையில் முங்கிப்போச்சு. அடுத்த வீட்டுக்காரர்கள் டீச்சர் அழுவதைப் பார்த்து அழுதார்கள், அதற்கடுத்த வீட்டுக்காரர்கள் இவர்களைப் பார்த்து அழுதார்கள். இறங்கும்போது கைப்பிடி இடது பக்கம் வந்துவிடும் இல்லையா, அந்தக் கையை நம்ப முடியாதென்று உங்கம்மா திரும்பி நின்று, வலது கையால் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கியிருக்கிறாள். முதுகைக் காட்டிக்கொண்டு, கல் முகத்தோடு, சந்தோஷமா இருக்கேன், பிஸ்கட் எடுத்துக்குங்க, என்று சொல்லிக்கொண்டே ஒருத்தி மாடி மாடியாக இறங்கி வந்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள் சொல்லு. உண்மை தெரிந்ததும் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்ட கேள்வி, எத்தனை மார்க்கு. தையல்காரர், வீணா அழவச்சீங்களே, அழுத கூலிக்கு இன்னொரு பிஸ்கட் கொடுங்க, என்றார், டின் காலி. எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். தெரியும், நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், உள்ளே, என்றாள்.

இதில் ஒன்றைக் கவனித்தாயா. அவள் ஒளிக்காமல் மறைக்காமல் எனக்குச் சந்தோஷம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வருகிறாள், ஒருத்தர்கூட நம்பவில்லை. சொன்ன சொல்லை விட்டுவிட்டுச் சொல்லாத ராகத்தை நம்பினார்கள். அவர்களாவது முகத்தைப் பார்த்தார்கள், நீ போனில் வெறும் குரலை மட்டும் கேட்டாய், உங்கம்மாவுக்கு இருக்கிற கருவிகளிலேயே பழுதான கருவி அதுதான். நேற்று உன் செய்தியைப் படித்துவிட்டு அவளிடம் கேட்டேன், ஏன் அவ்வளவு சீக்கிரம் போனை வச்சே என்று. அவள், மேல்மாடி டீச்சர் மத்தியானம் தூங்கப் போயிடுவாங்க, அதுக்குள்ள சொல்லணும்ல, என்றாள். அவ்வளவுதான் காரணம். நீ அங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு, தீர்ந்து போச்சு என்று அழுதுகொண்டிருந்த நேரத்தில் அவள் இங்கே உனக்காகப் படியேறிக்கொண்டிருந்தாள். இந்த இரண்டையும் நேற்றுத்தான் நான் ஒன்று சேர்த்துப் பார்த்தேன், அதிலிருந்துதான் இந்தச் சிரிப்பு. சிரிப்பு மட்டும்தான் என்று சொன்னால் பொய், நம் வீட்டுச் சட்டப்படி சொல்கிறேன், நடுவில் கொஞ்சம் அழுகை.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சலும் வரும். திறந்தால் தைல வாடை அந்த விடுதி முழுக்க அடிக்கும், பயப்படாதே. போனில் உன் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டதால் உனக்குக் கடுமையான சளி என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். அது சளி இல்லை, அழுகை, என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பாஸானவ எதுக்கு அழணும், என்று கேட்கிறாள். மருந்துக் கடைக்காரரை அரை மணி நேரம் விசாரணை செய்து, மருந்து, தைலம், கழுத்துத் துணி, காலுறை, எல்லாம் வாங்கி, அந்தச் சோர்ந்த இடது கையாலேயே மடித்து வைத்தாள். நான் மடிக்கிறேன் என்றேன், கோபம், தள்ளிப் போங்க, என்றாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதைச் சொல்லக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள், சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மா ராகத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரு பயிற்சி கொடுத்தார், ஏதாவது ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதை மட்டும் தினமும் ஏற்றி இறக்கிச் சொல்லிப் பழக வேண்டும். என்ன சொல் வேணும்னு நீங்களே சொல்லுங்க என்றார். அம்மா யோசிக்கவே இல்லை, வந்துட்டியா, என்றாள். காலையில் நாங்கள் இருவரும் வாசல் கதவைப் பார்த்து நின்றுகொள்வோம். எனக்கு ஸ்வரம் தெரியாது, மாடி தெரியும். வந் தரைத்தளம், துட் இரண்டாவது மாடி, டி மூன்றாவது மாடி, யா மெதுவாக இறங்கி முதல் மாடி, என்று நான் கையை ஏற்றி இறக்குவேன், அவள் என் கையைப் பார்த்துச் சொல்வாள். முதலில் எல்லாம் தரைத்தளத்திலேயே நின்றது. அப்புறம் துட் ஏறியது. ஒரு நாள் டி நேராக மொட்டை மாடிக்குப் போய்விட்டது, கீழேயிருந்து தையல்காரர் யாருக்கு அடிபட்டது என்று கத்தினார். போன வாரம் கதவைத் திறந்து பழகும்போது தண்ணிக் கேன்காரர் வந்து நின்றார், நரைத்த மனிதர், அவரைப் பார்த்து உங்கம்மா, வந்துட்டியா, என்றாள், முதல் தடவையாக மூன்று மாடியும் சரியாக. மனிதர் மறுநாளிலிருந்து தலையைப் படிய வாரிக்கொண்டு வருகிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், பரவாயில்லை சார், எங்க வீட்டுல யாரும் இப்படிக் கேட்டதில்ல, என்றார். ஆனால் அந்தச் சொல் அவருக்காகப் பழகுவது இல்லை. நீ விடுமுறைக்கு வந்து வாசலில் பெட்டியை வைக்கிற நொடிக்காகப் பழகுவது. நீ வரவில்லை என்றால் அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது, தண்ணிக் கேன்காரருக்கே எழுதிக் கொடுத்துவிடவா. நீ வரமாட்டேன் என்று எழுதியதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. கடிதம் கிடைத்த இரண்டு நாளில் நீயே முடிவு சொல்லு, கப்பல் பட்டறை எங்கேயும் ஓடிப்போகாது, பேர் கொடுக்காதே, கொடுத்திருந்தால் போய்த் திரும்ப வாங்கு.

வரும்போது அவளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காராதே, அவளுக்குத் தெரியாது, உனக்குத்தான் கழுத்து வலிக்கும். ஒண்ணுமில்லம்மா என்று சொல்லாதே, சொன்னால் ஒன்றுமில்லை என்றே நம்பிவிடுவாள். அழுகை வந்தால், அம்மா, எனக்கு அழுகை வருது, சந்தோஷத்துல, என்று சொல்லு. அவள் குரலைக் கேட்காதே, சொல்வதைக் கேள். வாசலில் அந்தச் சொல் சரியாக வரலாம், வராமலும் போகலாம், டி மொட்டை மாடிக்கே போனாலும் நீ சிரித்துவிடாதே, இல்லை சிரி, சிரித்துவிட்டு, சிரிக்கிறேன் என்று சொல்லிவிடு. மற்றபடி இங்கே புதுக் கயிறு வந்து லிஃப்ட் ஓடுகிறது, கட்டடத்தில் எனக்கு மறுபடியும் மரியாதை. நேரத்துக்குச் சாப்பிடு, காலேஜ் பட்டறையில் முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு சுற்றுகிற இயந்திரத்திடம் போகாதே, கை உறை போடு. நீ எந்த மாடியில் போய் நின்றாலும் உனக்குக் கதவு திறக்கட்டும், திறந்த பிறகு கால் வைக்கத் தளம் இருக்கட்டும், இதற்கு மேல் ஒரு லிஃப்ட்காரனுக்கு ஆசீர்வாதம் பண்ணத் தெரியாது. மறக்காமல் ஒன்று செய், உனக்குச் சளி இல்லை என்பதை நீயே அம்மாவிடம் சொல்லிவிடு, நான் சொன்னால் எடுபடவில்லை.

நான் எழுதி முடித்ததை அம்மா வாங்கிப் படித்துவிட்டாள். சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன் என்று கோபம், நீ வரமாட்டேன் என்றதை மறைத்துவிட்டேன் என்று இன்னும் கோபம், இரண்டையும் பெயர் சொல்லித் தெரிவித்தாள். கீழே இரண்டு வரி அவளே எழுதுகிறாள். தாளில் ராகம் யாருக்கும் கிடையாது, அதனால் இதில் அவளும் நாமும் ஒன்று.

இப்படிக்கு,
உன் அப்பா

வாலுக்கு அம்மா எழுதுவது. பயம், நீ வராமல் இருந்துவிடுவாயோ என்று. ஆசை, நிறைய. சளி இருந்தால் மருந்தைச் சாப்பிட்டுவிட்டு வா. இல்லாவிட்டால் அப்படியே வா.